ஆள் போனாலும் மெயில் போகக் கூடாது

கோவில்பட்டியிலிருந்து ஒரு கண்டெய்னர் தீப்பெட்டி தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்புவதற்குள் எத்தனை மெயில் போய் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பார்ட்டி விலை கேட்பார். நாம் ஒரு விலை சொல்வோம், அவர் குறைப்பார். பிறகு லேபிள். டிசைன் போட்டு அனுப்பினால், சிவப்பு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கட்டும், பெயரை ஒரு சுற்று பெரிதாக்குங்கள் என்று திருத்தம் வரும். மூன்றாவது முறைதான் சரி என்பார். பெட்டிக்கு எத்தனை குச்சி, அட்டைப் பெட்டி என்ன கனம், முன்பணம் கட்டியதற்கான வங்கிச் சீட்டு, பேக்கிங் லிஸ்ட் எல்லாம் வரிசையாக வரும். தீப்பெட்டி ஆபத்தான சரக்கு வகையைச் சேர்ந்தது. யு.என். 1944, வகுப்பு 4.1 என்று குறிப்பிட்ட உறுதிமொழிப் படிவம் இல்லாமல் கப்பல் கம்பெனி அதை ஏற்றாது. அதுவும் மெயிலில்தான் போகும். கடைசியாக பில் ஆஃப் லேடிங்கின் நகல் வரும், அதில் ஓர் எழுத்துப் பிழை இருக்கும், அதைத் திருத்தச் சொல்லி இன்னும் இரண்டு மெயில் போகும்.

இவ்வளவும் எங்கே இருக்கிறது? பெரும்பாலான சிறு நிறுவனங்களில் ஏற்றுமதி வேலையைப் பார்க்கும் ஒரே ஒருவரின் கணினியில் இருக்கும். பல இடங்களில் முகவரிகூட நிறுவனத்தின் பெயரில் இருக்காது. அவர் சொந்தமாகத் திறந்த இலவச ஜிமெயில் கணக்காக இருக்கும். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும் தெரியும். அவருக்குத் திருப்பூரில் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று வையுங்கள். எட்டு மாதம் கழித்து அந்த ஆப்பிரிக்கப் பார்ட்டி, நீங்கள் அனுப்பியது நான் ஒப்புக்கொண்ட லேபிள் இல்லை, பாக்கிப் பணத்தைத் தர மாட்டேன் என்கிறார். மூன்றாவது டிசைனுக்கு அவர் சரி சொன்ன அந்த ஒற்றை மெயில் கையில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் நஷ்டம் நம் தலையில்.

தீப்பெட்டி ஆபீஸ் என்று இல்லை. பருத்தி கமிஷன் கடை, நூல் மில், அச்சகம், 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாயை வெளியூர் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அனுப்பும் கடை, எல்லோருடைய வாக்கும் வரவும் இன்று மெயிலில்தான் நிற்கின்றன. அவற்றைக் காத்து வைக்க மெயில் ஆர்க்கைவ் மென்பொருள் என்ற ஒன்று இருக்கிறது. மெயில் காப்பகம் என்று சொல்வோம். பெரிய கம்பெனிகளின் சமாசாரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்துக்கும் இது தேவை, அவர்கள் கைக்கு எட்டக்கூடியதும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பில் புக்கில் கார்பன் வைத்து எழுதுகிறோம். மேல்தாள் வாடிக்கையாளருக்குப் போகிறது, அடித்தாள் புத்தகத்திலேயே நின்றுவிடுகிறது. மெயில் காப்பகம் செய்வதும் அதே வேலைதான். ஒரு மெயில் வரும்போதோ போகும்போதோ, அந்த நிமிடமே, அதன் நகல் தனி இடத்தில் பதிந்துவிடும். ஊழியர் தன் பெட்டியில் அதை அழித்தாலும் காப்பகத்து நகலை அவரால் தொட முடியாது. திருத்தவும் முடியாது. தேட மட்டும் முடியும், அதுவும் அனுமதி இருந்தால்.

இதை பேக்கப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பேக்கப் என்பது இன்று இரவு பெட்டி எப்படி இருந்ததோ அதன் படம். காலையில் வந்த மெயிலை மத்தியானமே ஒருவர் அழித்துவிட்டால் இரவு எடுக்கும் பேக்கப்பில் அது இருக்காது. ஹார்டு டிஸ்க் போய்விட்டால் மீட்டுக்கொள்ள பேக்கப் வேண்டும், மூன்று வருடத்துக்கு முன் யார் யாருக்கு என்ன எழுதினார் என்று பார்க்கக் காப்பகம் வேண்டும். கூகுள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் ஓரளவுக்குத்தான் செல்லும். குப்பைக்குப் போன ஜிமெயில் 30 நாளில் அழிந்துவிடும். நிறுவனக் கணக்காக இருந்தால் அதற்கு மேல் 25 நாள் வரை நிர்வாகியால் மீட்க முடியும், அவ்வளவுதான். இலவசக் கணக்கை இரண்டு வருடம் யாரும் தொடாமல் விட்டால் அதை மொத்தமாக நீக்கும் உரிமையை கூகுள் 2023இலேயே எடுத்துக்கொண்டுவிட்டது.

மெயிலுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா என்று இன்றும் கேட்கிறார்கள். உண்டு, நன்றாகவே உண்டு. டிரைமெக்ஸ் என்ற துபாய் கம்பெனிக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையே நடந்த வழக்கைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் கொண்டுவரும் பேச்சு 2007 அக்டோபரில் மெயிலில் நடந்தது. ஐந்து கப்பல் சரக்குக்குச் சம்மதம் என்று ஒரு பதில் மெயில் போனது. முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகவில்லை. பத்திரம் இல்லாததால் ஒப்பந்தமே இல்லை என்று வேதாந்தா வாதாடியது. முக்கியமான அம்சங்களில் இரு தரப்பும் மெயிலிலேயே ஒத்துப்போய்விட்டால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதம் என்று நாம் போகிற போக்கில் தட்டும் ஒரு வரி நம்மைக் கட்டும். எதிராளி தட்டும் ஒரு வரி அவரைக் கட்டும், நம்மிடம் அது இருந்தால்.

எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 7 கேட்பது மூன்று. பதிவு பின்னாளில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். முதலில் உருவான வடிவத்திலோ, அதை அப்படியே காட்டும் வடிவத்திலோ இருக்க வேண்டும். எங்கிருந்து, யாருக்கு, எந்தத் தேதி, எந்த நேரம் என்ற விவரமும் கூடவே இருக்க வேண்டும். மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்து வைப்பவர்கள் இந்த மூன்றாவதில்தான் கோட்டை விடுகிறார்கள். எந்த சர்வர் வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்ற முழுத் தலைப்பு விவரம் காகிதத்தில் வராது. பார்ட்டியின் பெயரில் போலி மெயில் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று பணத்தைத் திருப்பிவிடும் மோசடி ஏற்றுமதி இறக்குமதிக்காரர்களைத்தான் அதிகம் குறிவைக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவும் அந்தத் தலைப்பு விவரம்தான் உதவும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. அதன் 63ஆம் பிரிவின்படி, மின்பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது கூடவே சான்றிதழும் கொடுக்க வேண்டும். முதல் பகுதியைப் பதிவைக் கொடுப்பவரும் இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பையும் அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் நீளமான எண்ணெழுத்து வரிசை. கோப்பில் ஒரு புள்ளியை மாற்றினாலும் வரிசை மாறிவிடும். நல்ல காப்பக மென்பொருள் மெயில் உள்ளே வந்த அன்றே இந்த ஹாஷைக் குறித்து வைத்துக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்து, இது இடையில் கைவைக்கப்படாதது என்று காட்ட அதுதான் ஆதாரம். மென்பொருள் வாங்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான். திரையில் எத்தனை வண்ண வரைபடம் காட்டுகிறது என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மென்பொருளுக்கு முன்னால் முகவரி. நிறுவனத்தின் பெயரில் ஒரு டொமைன் பதிவு செய்யுங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் ஆகும். பதிவு முதலாளியின் பெயரிலும் முதலாளியின் போன் எண்ணிலும் இருக்கட்டும். வெப்சைட் செய்து கொடுத்த பையனின் பெயரில் டொமைனை விட்டுவைப்பது பின்னால் பெரிய தலைவலி. முகவரிகளையும் ஆள் பெயரில் மட்டும் வைக்காமல் ஏற்றுமதி, கணக்கு, கொள்முதல் என்று வேலையின் பெயரிலும் வையுங்கள். ஆள் மாறினாலும் பார்ட்டி எழுதும் முகவரி மாறாது.

அடுத்து, இப்போது மெயில் எந்த வழியில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஆபீஸ்களில் அவுட்லுக் பாப் முறையில் அமைந்திருக்கும். மெயில் அந்த ஒரு கணினிக்கு இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும்படி வைத்திருப்பார்கள். இடம் மிச்சமாகும் என்று பத்து வருடத்துக்கு முன் யாரோ செய்தது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் பி.எஸ்.டி. கோப்புதான் அந்த நிறுவனத்தின் மொத்த ஞாபகம். சித்திரை வெயிலில் ஒரு கரண்ட் ஏற்ற இறக்கம் போதும், எல்லாம் போய்விடும். இதை முதலில் ஐமேப் முறைக்கு மாற்றி, மெயில் சர்வரிலேயே தங்கும்படி செய்யுங்கள். அந்த பி.எஸ்.டி. கோப்பை அழிக்காமல் இரண்டு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். காப்பகம் தயாரானதும் பழைய மெயிலை உள்ளே ஏற்ற அது வேண்டும்.

காப்பகத்துக்குள் மெயிலைக் கொண்டுவர இரண்டு வழி உண்டு. ஒன்று, மென்பொருள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் பெட்டிக்குள்ளும் போய்ப் பார்த்து எடுத்துவருவது. அது வந்து பார்ப்பதற்குள் ஒருவர் அழித்துவிட்டால் அந்த மெயில் தப்பிவிடும். மற்றொன்று ஜர்னலிங். மெயில் கடந்துபோகும்போதே சர்வர் ஒரு நகலைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடும். அழிப்பவரால் இதை முந்த முடியாது. முறையான ஜர்னலிங்கில், மறைவாக யாருக்கு பி.சி.சி. போட்டார்கள் என்பதும் பதிவாகும். பழைய மெயிலை ஏற்ற முதல் வழி, இன்று முதல் வரும் மெயிலுக்கு இரண்டாம் வழி. இரண்டையும் இப்படிச் சேர்த்து வைப்பதுதான் சரியான அமைப்பு.

எந்த மென்பொருள் என்று கேட்டால், நீங்கள் இப்போது மெயிலுக்கு யாரிடம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் வால்ட் என்ற வசதி அதனுள்ளேயே இருக்கிறது. ஆனால் பிசினஸ் பிளஸ் திட்டத்திலும் அதற்கு மேற்பட்ட திட்டங்களிலும்தான் அது கிடைக்கும், ஸ்டார்ட்டர், ஸ்டாண்டர்டு திட்டங்களில் வராது. இன்னொன்றையும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால் வால்ட்டில் உள்ள அவருடைய மெயிலும் சேர்ந்தே போய்விடும். மாதச் சந்தாவை மிச்சப்படுத்தக் கணக்கை நீக்குவது நம் ஊர் வழக்கம். அதற்கு முன் அவர் மெயிலை ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள குறைந்த விலை உரிமத்துக்கு அந்தக் கணக்கை மாற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365இல் பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் காப்பக வசதி சேர்ந்தே வருகிறது, கீழ்த் திட்டங்களுக்குத் தனியாக வாங்க வேண்டும். ஜோஹோ மெயிலிலும் மேல் திட்டங்களில் மெயிலைக் காலவரையறை வைத்துக் காத்துத் தேடி எடுக்கும் வசதி உண்டு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011இலிருந்து அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி அது. தமிழில் பேசி உதவி கேட்க விரும்புபவர்கள் அதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட மனமில்லாதவர்களுக்குச் சொந்தக் கணினியில் ஓட்டும் வழி இருக்கிறது. மெயில்பைலர் என்பது லினக்ஸில் ஓடும் திறந்த மூல மென்பொருள். ஜர்னலிங் நகலை வாங்கி, ஒரே இணைப்பு பத்துப் பேருக்குப் போயிருந்தாலும் ஒரே முறை சேமித்து, சுருக்கி, பூட்டி வைக்கும். விண்டோஸில் ஓட வேண்டும் என்றால் ஜெர்மானியத் தயாரிப்பான மெயில்ஸ்டோர் சர்வர் இருக்கிறது. மென்பொருள் இலவசம் என்பதற்காக மட்டும் மெயில்பைலரை எடுக்காதீர்கள். அதைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ் தெரிந்த ஆள் ஒருவர் நிரந்தரமாக வேண்டும். கோவில்பட்டியிலேயே 1984இலிருந்து நேஷனல் பொறியியல் கல்லூரி இருக்கிறது, அங்கே படித்தவர்கள் பலர் இந்தப் பக்கத்திலேயே தொழில் செய்கிறார்கள். அப்படி ஒருவரை வருடப் பராமரிப்புக்கு எழுத்தில் பேசி வைத்த பிறகு இறங்கலாம். ஆள் இல்லை என்றால் கிளவுடுக்கே போய்விடுங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று பயப்பட வேண்டாம். பத்துப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 மெயில், வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் ஒன்றரை லட்சம் மெயில். சராசரி 200 கே.பி. என்று போட்டால் 30 ஜி.பி. எட்டு வருடத்துக்கு 240 ஜி.பி. சாதாரண ஹார்டு டிஸ்க்கில் ஒரு மூலையில் அடங்கிவிடும். லேபிள் டிசைன் கோப்புகள் கனமாக இருந்தால் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினிக்கு யு.பி.எஸ். வேண்டும், ஃபேக்டரி தூசியும் மருந்து நெடியும் எட்டாத அறை வேண்டும், இன்னொரு நகல் வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். தீப்பெட்டித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயத்தை விளக்கவே வேண்டியதில்லை.

எத்தனை வருடம் வைப்பது என்பதை மென்பொருள் தீர்மானிக்காது, நாம்தான் தீர்மானிக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128 கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்யாத தொழிலுக்கும் ஜி.எஸ்.டி. சட்டம் பொருந்தும். அதன் 36ஆம் பிரிவு, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் என்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31 என்றால், 2031 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடு நடந்தால் இன்னும் நீளும். பொதுவாக ஒப்பந்தம் மீறப்பட்டதற்கான வழக்கை மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இந்தச் சட்டங்கள் மெயில் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு ஆதாரமான ஆர்டரும் விலை மாற்றமும் மெயிலில் இருக்கும்போது, கணக்கு இருக்கும் வரை மெயிலும் இருக்க வேண்டும். கம்பெனிகள் எட்டு நிதியாண்டுகளைத் தாண்டி ஒரு வருடம் கூட்டி ஒன்பது வருடம் என்றும், மற்றவர்கள் எட்டு வருடம் என்றும் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அதை ஒரு தாளில் எழுதி முதலாளி கையெழுத்துப் போட்டுவிடட்டும்.

காலம் முடிந்ததும் அழிக்கவும் வேண்டும். இடைசெவல்காரரான எழுத்தாளர் கி.ராஜநாராயணன், தன் நண்பர் கு.அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் காத்து வைத்திருந்ததால்தான் அவை பிற்பாடு புத்தகமாயின. இலக்கியத்துக்கு அது பெரும்பேறு. தொழிலில் நிலைமை வேறு. வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் ஆதார் நகல், போன் எண், வீட்டு முகவரி எல்லாம் நம் மெயிலில் கிடக்கின்றன. தேவை முடிந்த பிறகும், வேறு சட்டம் கேட்காதபோதும் பிறருடைய தனிப்பட்ட தகவலை வைத்திருக்கக் கூடாது என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கு. அழிக்கும் விதியை மென்பொருளில் பதிந்துவிட்டால் அது தானாக நடக்கும். ஒரே விலக்கு, வழக்கு வந்துவிட்டால் அல்லது வரும் என்று தெரிந்துவிட்டால், அது தொடர்பான மெயில்களின் மேல் உடனே ஹோல்டு போட வேண்டும். வழக்கு முடியும் வரை எந்த விதியும் அவற்றை அழிக்காது. பார்ட்டியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை இது.

மெயிலைக் காத்து வைப்பதை அலட்சியம் செய்தவர்கள் சிறியவர்கள் மட்டும் இல்லை. 2002 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமும் மற்ற அமைப்புகளும் கோல்ட்மன் சாக்ஸ், மார்கன் ஸ்டான்லி உள்ளிட்ட ஐந்து நிறுவனங்களுக்கு மெயில்களை விதிப்படி காத்து வைக்காததற்காக மொத்தம் 82.5 லட்சம் டாலர் அபராதம் போட்டன.

நடத்துவதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, சாவி யாரிடம்? காப்பகத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் மட்டும் நிர்வாகி பாஸ்வேர்டு இருந்தால் பழைய கதைதான். முதலாளியிடம் ஒன்று, உறையில் ஒட்டி லாக்கரில் ஒன்று. எல்லோர் மெயிலையும் படிக்கும் உரிமை தனியொருவருக்கு வேண்டாம், இருவர் சேர்ந்து சம்மதித்தால் மட்டுமே தேடலாம் என்று வையுங்கள். யார் எப்போது எதைத் தேடினார் என்ற பதிவையும் மென்பொருளில் போட்டு வையுங்கள். ஊழியர்களிடமும், ஆபீஸ் முகவரியில் வரும் போகும் மெயில் எல்லாம் பதிவாகிறது என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்வது தப்பு. சொல்லிவிட்டால் வீட்டு விஷயத்தை அவர்கள் சொந்த முகவரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இரண்டாவது, சோதனை. மாதம் ஒருமுறை பழைய மெயில் ஒன்றைத் தேடி எடுத்துப் பாருங்கள். போன வருடம் தீபாவளிக்கு முன் மெழுகு சப்ளை செய்தவர் விலை ஏற்றிச் சொன்ன மெயில் என்று ஏதாவது ஒன்று. இணைப்போடு, முழுத் தலைப்பு விவரத்தோடு இரண்டு நிமிடத்தில் வருகிறதா? ஜர்னலிங் எங்கோ அறுந்துபோய், மூன்று மாத மெயில் பதிவாகவே இல்லை என்பது தேவைப்படும் நாளில்தான் தெரிய வந்தால் அதைவிட வேதனை இல்லை. வால்ட், மெயில்பைலர் எதுவாக இருந்தாலும் மொத்தத்தையும் இ.எம்.எல்., பி.எஸ்.டி. அல்லது எம்பாக்ஸ் போன்ற பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்க முடிகிறதா என்பதையும் வாங்கும்போதே சோதித்துவிடுங்கள்.

மூன்றாவது வாட்ஸ்அப். இன்று விலைப் பேச்சில் பாதி அங்கேதான் நடக்கிறது. மெயில் காப்பகம் அதைப் பிடிக்காது. போனிலோ வாட்ஸ்அப்பிலோ எது முடிவானாலும், நாம் பேசியபடி விலை இது, அளவு இது, தேதி இது என்று அன்று மாலைக்குள் ஒரு மெயில் போட்டுவிடுவதைப் பழக்கமாக்குங்கள். பாக்கி வராமல் சிறு தொழில்களுக்கான வசதியாக்க மன்றத்துக்குப் போகும் நிலை வந்தால், பணம் தருவதற்கான 45 நாள் கெடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று காட்ட அந்த மெயில்கள் கைகொடுக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் நிறுவனத்துக்கு வரும் ஒவ்வொரு மெயில் முகவரியையும் ஒரு தாளில் எழுதி, அதன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, அதன் மீட்பு போன் எண் யாருடையது என்று பக்கத்தில் குறியுங்கள். உங்கள் பெயரோ உங்கள் நிறுவனத்தின் எண்ணோ இல்லாத வரி எதுவோ, அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும்.